வழக்கை இழுக்காதீர்கள், தண்டனையைக் கொடுத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய உள்துறைச் செயலாளர் அவர்களுக்கும், காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

தென்மாவட்டம் ஒன்றில் கீழமை நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறவன் நான். என் மேசைக்குக் கொலை, கொள்ளை வழக்குகள் அதிகம் வருவதில்லை. குடிநீர் கேட்டுச் சாலையில் நின்றவர்கள், மதுக்கடையை மூடச் சொல்லி உட்கார்ந்தவர்கள், சுடுகாட்டுப் பாதை கேட்டு ஊர்வலம் போனவர்கள் வருவார்கள். அவர்கள் கையிலிருக்கும் எஃப்ஐஆரில் ஏழெட்டுப் பெயர்கள் இருக்கும், கடைசியில் "மற்றும் பலர்" என்று இருக்கும். அந்த ஏழெட்டுப் பேருக்காகவும் அந்தப் பலருக்காகவும் இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் நாற்காலிகளில் யார் இருந்தாலும், கோட்டையில் எந்தக் கட்சி இருந்தாலும் பொருந்துகிற விஷயம் இது. அதனால்தான் பெயர் சொல்லாமல் பதவியைச் சொல்லி எழுதுகிறேன்.

முதலில் ஒரு வழக்கைச் சொல்லிவிடுகிறேன்.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்க ஆயிரக்கணக்கான டாஸ்மாக் கடைகளை மூட வேண்டியதாயிற்று. மூடிய கடைகளுக்கு ஊருக்குள் இடம் தேடினார்கள். அப்போதுதான் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய ஒரு பெண்ணைக் காவல் அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்ததைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். அதே கோடையில் எங்கள் பக்கத்து ஊரில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு ஷெட் போட்டார்கள். ஊர்ப் பெண்கள் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுத்தார்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். எதுவும் அசையவில்லை. சரக்கு லாரி வந்த அன்று காலையில் ஷெட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.

பத்தரை மணி வாக்கில் வேன் வந்தது. யாரும் கல் எறியவில்லை, யாரும் யாரையும் அடிக்கவில்லை. பெண் காவலர்கள் "ஏறுங்கம்மா" என்றார்கள், இவர்களும் ஏறினார்கள். கல்யாண மண்டபத்தில் இறக்கினார்கள். ஒரு தலைமைக் காவலர் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு அதையே மேசையாக்கி வெள்ளைத்தாளில் எழுத ஆரம்பித்தார். பெயர், கணவர் பெயர், வயது, தெரு, கைபேசி எண். மதியம் தக்காளி சாதப் பொட்டலம் வந்தது. நான்கு மணிக்குப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்துவிடுமே, வீடு பூட்டிக் கிடக்குமே என்று பெண்கள் தவித்துப்போனார்கள். ஆறு மணிக்கு "போகலாம்" என்று விட்டுவிட்டார்கள். அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அம்மாவுக்கு மாத்திரை கொடுக்க மண்டபத்துக்கு வந்த பையன் ஒருவனின் பெயரும் அந்தத் தாளில் ஏறியிருந்தது. சில ஆண்டுகள் கழித்து அவன் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு எழுதினான். எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு ஏறுவது எல்லாம் தேறிவிட்டான். போலீஸ் வெரிஃபிகேஷனில் நின்றுபோனான். காவல் சார்நிலைப் பணிக்கான சிறப்பு விதிகள்படி குற்ற வழக்கில் தொடர்புடையவருக்கு வேலை இல்லை. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து நீதிமன்றம் விடுவித்தவரைக்கூடத் தொடர்புடையவராகத்தான் அந்த விதி பார்க்கிறது. இவன் வழக்கோ விசாரணை முடியாமல், குற்றப்பத்திரிகை இல்லாமல் நிலையத்திலேயே கிடந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் எஃப்ஐஆரை ரத்து செய்து வாங்கினோம். அதற்குள் அந்த ஆண்டு ஆள்சேர்ப்பு முடிந்துவிட்டது.

அந்த இடத்தில் மதுக்கடை வரவே இல்லை. பெண்கள் கேட்டது நியாயம் என்று நிர்வாகம் தன் செயலாலேயே ஒப்புக்கொண்டது. வழக்கு மட்டும் அப்படியே இருந்தது.

அந்த எஃப்ஐஆரில் போட்டிருந்த பிரிவுகள் 143, 341, 188. சட்டவிரோதமாகக் கூடியது, வழிமறித்தது, அரசு ஊழியரின் உத்தரவுக்குக் கீழ்ப்படியாதது. 2024 ஜூலை 1 முதல், இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த நியாய சன்ஹிதாவில் இவற்றின் எண்கள் 189, 126, 223 என்று ஆகிவிட்டன. எழுதுகிற முறை மட்டும் மாறவில்லை. பழைய மூன்று பிரிவுகளில் எதற்கும் ஆறு மாதத்துக்கு மேல் சிறை கிடையாது. இவ்வளவு சிறிய குற்றத்தை ஓராண்டுக்குள் நீதிமன்றம் கோப்பில் எடுத்தாக வேண்டும், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால்தான் விலக்கு. 188க்கு எஃப்ஐஆரே போட முடியாது. உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலுள்ளவரோ எழுத்துமூலமாக நீதிமன்றத்தில் புகார் தர வேண்டும். 2018 செப்டம்பர் 20 அன்று ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இதை விளக்கமாக எழுதி, காவல்துறைத் தலைமை இதற்கென ஒரு நடைமுறை வகுக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் 188 போட்ட எஃப்ஐஆர்கள் என்னிடம் வந்துகொண்டேதான் இருந்தன. நிலையத்தில் இருக்கிற எழுத்தருக்கு அந்தத் தீர்ப்பு போய்ச் சேரவில்லை. சேர்க்க வேண்டியது உங்கள் அலுவலகம்.

சரி, இவர்கள் சட்டத்தை மீறவே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். சிலர் மீறியிருக்கிறார்கள். தெரிந்தே மீறியிருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் உங்களிடம் மனம்விட்டுப் பேச விரும்புகிறேன்.

அநியாயமான உத்தரவைப் பகலில், பலர் பார்க்க, கை ஓங்காமல் மீறுவதும், மீறியதற்கான தண்டனையைக் கேட்டு வாங்குவதும் இந்த மண்ணில் பழைய வழக்கம். 1924 மார்ச் 30 அன்று வைக்கம் கோயிலைச் சுற்றியிருந்த தெருவில், 'தீண்டத்தகாதவர்கள் இதற்குமேல் வரக் கூடாது' என்ற பலகையை நோக்கி மூன்று பேர் நடந்தார்கள். ஒருவர் புலையர், ஒருவர் ஈழவர், ஒருவர் நாயர். காவலர்கள் சாதி கேட்டார்கள். நாயர் மட்டும் போகலாம் என்றார்கள். மூவரும் சேர்ந்துதான் போவோம் என்றதும் மூவரையும் கைது செய்தார்கள். பின்னால் திருவிதாங்கூர் அரசு கைது செய்வதை நிறுத்திவிட்டுத் தடுப்பு போட்டு நின்றது. அந்த ஆண்டின் பெருவெள்ளத்தில் சத்தியாகிரகிகள் கழுத்தளவு தண்ணீரில் நின்றார்கள், காவலர்கள் படகில் இருந்தபடி தடுப்பைக் காத்தார்கள். ஈரோட்டிலிருந்து போன பெரியார் அங்கே இரண்டு முறை சிறைக்குப் போனார். நீதிமன்றம் தண்டித்தது, அவர் அனுபவித்தார், வெளியே வந்தார், திரும்பவும் அதே தெருவுக்குப் போனார்.

1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து உப்பு எடுக்கப் புறப்பட்ட ராஜாஜியின் படை வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது 28ஆம் தேதி. தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், இந்தத் தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ சிறை என்று ஊர் ஊராக அறிவித்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். தார்னின் உத்தரவை மீறிய அந்த ஊர்க்காரர்களைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர்கள் மேடை ஏறியவர்கள் இல்லை. இன்றைக்கு எஃப்ஐஆர் எழுதினால் "மற்றும் பலர்" என்பதற்குள் வந்துவிடக்கூடியவர்கள்.

எட்டே ஆண்டுகளில் அதே ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமர். கட்டாய இந்தியை எதிர்த்துப் பள்ளி வாசலில் மறியல் செய்தவர்கள்மேல் அவருடைய அரசு பயன்படுத்தியது வெள்ளைக்காரன் கொண்டுவந்த 1932ஆம் ஆண்டுக் குற்றவியல் திருத்தச் சட்டத்தை. உப்புச் சட்டத்தை மீறியவரே அடக்குமுறைச் சட்டத்தை எடுத்தது எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. இதைப் பழங்கதையாகச் சொல்லவில்லை. அதே சட்டத்தின் 7(1)(அ) பிரிவை இன்றைக்கும் தமிழ்நாட்டு நிலையங்களில் மறியல் எஃப்ஐஆரில் சேர்க்கிறார்கள். அந்த மொழிப்போரில் 1939இல் சிறையிலிருந்தபோது இறந்த தாளமுத்து, நடராசன் இருவரின் பெயரில்தான் எழும்பூரில் அரசுக் கட்டடம், தாளமுத்து நடராசன் மாளிகை நிற்கிறது. 1956இல் இந்த மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்து உயிரைவிட்டார் சங்கரலிங்கனார். உங்கள் கடிதத் தலைப்பில் அச்சாகியிருக்கும் பெயரைக் கேட்டுச் செத்தவர் அவர். இன்றைய நியாய சன்ஹிதாவின் 226ஆம் பிரிவில், அரசு ஊழியரை ஒன்றைச் செய்ய வைப்பதற்காகத் தற்கொலைக்கு முயல்வது தனிக் குற்றம். உண்ணாவிரதப் பந்தலுக்குள் அந்தப் பிரிவு நுழைந்துவிடாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒன்று. 1957 நவம்பர் 26 அன்று சாதியைக் காப்பாற்றும் பகுதிகள் இருக்கின்றன என்று சொல்லி அரசியல் சட்டத்தின் பக்கங்களைத் திராவிடர் கழகத்தார் எரித்தார்கள். எரித்தால் மூன்று ஆண்டு வரை சிறை என்று அதற்கென்றே ஒரு சட்டம் அந்த மாதம்தான் வந்திருந்தது. தெரிந்தேதான் எரித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். நீதிமன்றத்தில் எதிர்வழக்காடாமல், எரித்தேன், தண்டனை கொடுங்கள் என்று நின்றார்கள். எரித்தது சரியா என்று இன்றும் வாதம் நடக்கிறது, நடக்கட்டும். நான் பார்ப்பது அந்த நடைமுறையை. சட்டத்தை மீறியவர் ஒளியவில்லை. அரசு தண்டித்தது, தண்டனைக்கு ஒரு தேதியும் ஒரு முடிவும் இருந்தன.

இன்றைக்கு அந்த முடிவு கிடைப்பதில்லை. தண்டனைக்குப் பதிலாக வழக்கைக் கொடுக்கிறீர்கள். அபராதமோ பதினைந்து நாள் சிறையோ என்றால் கட்டிவிட்டோ இருந்துவிட்டோ வருவதற்கு ஆள் தயார். எஃப்ஐஆர் என்பது அப்படி இல்லை. கணினியில் உட்கார்ந்திருக்கும். துபாய்க்கு வேலைக்குப் போகிறவன் பாஸ்போர்ட் கேட்டால் எழுந்து வரும், வழக்கு கோர்ட்டில் நிலுவையில் இருந்தால் அந்தக் கோர்ட்டுக்குப் போய் அனுமதி வாங்கிவரச் சொல்வார்கள். அரசு வேலைக்குப் போகிறவள் விண்ணப்பத்தில் "வழக்கு உண்டா" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் முழிப்பாள். உண்டு என்றால் வேலை போகும், இல்லை என்றால் மறைத்த குற்றம் சேரும். குற்றப்பத்திரிகை போட்டுவிட்டாலோ வாய்தா, வாய்தா, வாய்தா. கூலி வேலைக்காரருக்கு ஒரு வாய்தா ஒரு நாள் சம்பளம். ஒரு முறை வராமல் போனால் வாரண்ட். எந்த நீதிபதியும் விதிக்காத தண்டனை இது. சட்டப் புத்தகத்தில் இதற்குப் பிரிவு எண் கிடையாது.

அப்புறம் திடீரென்று ஒரு நாள் எல்லா வழக்குகளும் வாபஸ் என்று அறிவிப்பு வரும். கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து 2011 ஆகஸ்டில் தொடங்கி இடிந்தகரை மாதா கோயில் பந்தலில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்த மீனவப் பெண்கள்மேல் தேசத்துரோகப் பிரிவு வரைக்கும் போட்டார்கள். அணுமின் நிலையம் இயங்கலாம் என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமே 2013 மே 6 அன்று அந்தத் தீர்ப்பிலேயே, போராடியவர்கள் மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று சொன்னது. 2021 பிப்ரவரியில், தேர்தலுக்கு முன்னால், அன்றைய முதல்வர் கூடங்குளம் வழக்குகளும் குடியுரிமைச் சட்டப் போராட்ட வழக்குகளும் கைவிடப்படும் என்றார். ஆட்சி மாறிய பிறகு அதே செப்டம்பரில் அடுத்த முதல்வர், வேளாண் சட்டங்கள், எட்டு வழிச்சாலை, மீத்தேன், நியூட்ரினோ என்று பல போராட்டங்களின் 5,570 வழக்குகள் திரும்பப் பெறப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். 2025 ஜனவரியில் மேலூர் பக்கம் அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் வரை நடந்தவர்கள்மேல் வழக்கு. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் குற்றம் சாட்டப்பட்டவர்கள். சில நாட்களில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது, மாநில அரசு வழக்குகளைத் திரும்பப் பெற்றது. அந்தச் சுரங்கம் வேண்டாம் என்று சட்டமன்றமே ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சட்டமன்றம் சொன்னதையே மேலூர் மக்களும் நடந்து போய்ச் சொன்னார்கள்.

வழக்கைத் திரும்பப் பெற்றதற்கு நன்றி சொல்கிறேன், மனதாரச் சொல்கிறேன். ஆனால் இது எங்களுக்குப் போதவில்லை. முதலில் வழக்குப் போட்டு, பிறகு வாபஸ் வாங்கினால், அமைதியாகக் கூடுவதற்கு அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவில் உள்ள உரிமை கோட்டையிலிருந்து வருகிற சலுகை ஆகிவிடுகிறது. பெரிய போராட்டத்துக்குச் சலுகை கிடைக்கும், தொலைக்காட்சி வந்ததால் கிடைக்கும். எங்கள் பக்கத்து ஊர் மதுக்கடைப் போராட்டத்துக்கு எந்த முதல்வரும் அறிவிப்பு செய்யவில்லை. ஐம்பது பேர் கூடிய சிறிய ஊர்வலத்தின் வழக்குதான் கேட்பாரற்றுப் பத்து ஆண்டு நிற்கிறது.

அனுமதி விஷயத்துக்கு வருகிறேன். 1857 முடிந்து நான்கு ஆண்டில் வந்தது 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டம். கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் முன் அனுமதி வாங்கச் சொல்லும் அதன் 30(2) பிரிவை மாவட்டந்தோறும் பதினைந்து நாள், இன்னும் பதினைந்து நாள் என்று நீட்டிக்கொண்டே போகிறார்கள். சென்னையில் 1888ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவு. ஐந்து நாள் முன்னால் மனு கொடுக்கச் சொல்வீர்கள். கொடுப்போம். மறுப்பு முதல் நாள் மாலை வரும், சில சமயம் இரவு வரும், கோர்ட்டுக்குப் போக நேரம் இருக்காது. காரணம் என்று ஒரே வரி இருக்கும்: சட்டம் ஒழுங்கு பிரச்சினை ஏற்பட வாய்ப்பு. எந்த வாய்ப்பு, யாரால், எந்தத் தகவலின் பேரில் என்று ஒன்றும் இருக்காது. பொதுத் தெருவில் கூட்டம் நடத்தும் உரிமையை ஒழுங்குபடுத்தலாம், காரணமில்லாமல் மறுக்கிற அதிகாரத்தை விதி கொடுக்கக் கூடாது என்று அகமதாபாத் வழக்கில் 1970களின் தொடக்கத்திலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டெல்லி ஜந்தர் மந்தர் வழக்கில் 2018இல் போராடுகிறவர்களுக்கும் அங்கே குடியிருப்பவர்களுக்கும் இடையில் சமன் காண வேண்டும், முற்றாகத் தடை செய்யக் கூடாது என்றும் சொன்னது.

சென்னையில் 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் லட்சக்கணக்கானவர்கள் நாள்கணக்கில் இருந்தார்கள். குப்பையை அவர்களே பொறுக்கினார்கள், போக்குவரத்தை அவர்களே ஒழுங்குபடுத்தினார்கள். கடைசி நாள் காலையில் காவல்துறை அவர்களைக் கலைத்தபோது நடந்தது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த ஆண்டு காவிரிக்காக அதே கடற்கரையில் உட்கார விவசாயிகள் சங்கம் அனுமதி கேட்டது. தனி நீதிபதி கொடுத்தார், அரசு மேல்முறையீடு செய்து நிறுத்தியது. இப்போது வள்ளுவர் கோட்டம், ராஜரத்தினம் மைதானம் என்று குறித்துக் கொடுத்த இடங்கள். அங்கே பேசுவது யார் காதில் விழ வேண்டுமோ அவர் காதில் விழாது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் தங்கள் மாநகராட்சியின் வாசலில், ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்தார்கள். அது குறித்த இடம் இல்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது, சரி. அதை நடைமுறைப்படுத்த நடுராத்திரி எதற்கு? கைக்குழந்தையோடு இருந்த பெண்களைப் பகலில் பேசி எழுப்பியிருக்க முடியாதா?

போராட்டத்தால் பொதுமக்களுக்குத் தொந்தரவு என்பீர்கள். உண்மைதான், தொந்தரவு இருக்கிறது. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாத மறியலை நான் எங்கேயும் ஆதரித்ததில்லை. பேருந்துக் கண்ணாடியை உடைத்தவருக்காக இந்த மடலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை, அவர்மேல் வழக்குப் போடுங்கள், நடத்துங்கள். பொதுச்சாலையைக் காலவரம்பில்லாமல் அடைத்து உட்காரக் கூடாது என்று 2020இல் ஷாஹீன் பாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் மறியல் செய்ய மக்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு கோடையிலும் பத்திரிகையில் 'காலிக்குடங்களுடன் சாலை மறியல்' என்று வரும். அந்தப் பெண்கள் முதலில் பஞ்சாயத்து எழுத்தரிடம் போயிருப்பார்கள். அப்புறம் பிடிஓ. அப்புறம் திங்கட்கிழமை மனு, அதற்கு ஒரு ரசீது. இரண்டு மாதமாக ஆள் வராத தெருவுக்கு, சாலையில் குடத்தை வைத்த முக்கால் மணி நேரத்தில் தாசில்தார் ஜீப் வரும், மறுநாள் தண்ணீர் லாரி வரும். எந்த மனு வேலை செய்யும் என்று அரசாங்கமே காட்டிக்கொடுத்துவிட்டு அந்த மனுவைக் கொடுத்ததற்கு எஃப்ஐஆர் போடுவது நியாயமா?

வெயிலில் நிற்கும் காவலர்களையும் நான் பார்க்கிறேன். லத்தியையும் தலைக்கவசத்தையும் பிடித்துக்கொண்டு காலை ஆறு மணியிலிருந்து நிற்கிற பெண் காவலருக்கு ஒதுங்கக் கழிப்பறை இருக்காது. எதிரில் உட்கார்ந்திருப்பது அவர் ஊர்ச் சனமாகவும் இருக்கலாம், அவர் பிள்ளையும் அதே தண்ணீருக்குத்தான் காத்திருக்கும். இவர்கள் இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்துவது கோப்பில் முடிவெடுக்காத ஒரு அலுவலகம்.

முடிவெடுக்காமல் இருப்பதன் விலை தூத்துக்குடியில் தெரிந்தது. 2018 பிப்ரவரியில் அ.குமரெட்டியாபுரத்து மக்கள் மரத்தடியில் உட்கார்ந்தபோது அவர்கள் கேட்டது ஸ்டெர்லைட் ஆலையின் விரிவாக்கம் வேண்டாம், ஆலையை மூடுங்கள் என்பதுதான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நூறாவது நாள் வரைக்கும் உட்கார்ந்தார்கள். நூறாவது நாள், மே 22 அன்று கலெக்டர் அலுவலகத்துக்கு நடப்போம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். முந்தைய இரவு 144 போட்டார்கள். மறுநாள் துப்பாக்கிச்சூடு, 13 பேர் இறந்தார்கள், அவர்களில் பள்ளிப்படிப்பை அப்போதுதான் முடித்த பெண்ணும் உண்டு. தூண்டுதல் இல்லாமல் சுட்டார்கள் என்றும், காவல்துறையினர் 17 பேர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் சொன்ன அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அந்தத் தொண்ணூற்றொன்பது நாளில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், முடிவெடுக்கிற அதிகாரம் உள்ள ஒருவர் அந்த மரத்தடிக்கு வந்து உட்கார்ந்திருந்தால் என்ற கேள்வி என்னை விட்டுப் போவதில்லை.

அதற்குப் பிறகாவது பாடம் படித்திருப்போம் என்று நம்பினேன். 2023 நவம்பரில் செய்யாறு அருகே மேல்மாவில் சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் தர மாட்டோம் என்று பல மாதம் பந்தலில் இருந்த விவசாயிகளில் ஏழு பேர்மேல் குண்டர் சட்டம் போட்டார்கள். கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவருக்கும் ரவுடிக்கும் என்று 1982இல் கொண்டுவந்த சட்டம், விசாரணையில்லாமல் ஓராண்டு உள்ளே வைக்கிற சட்டம். எல்லாப் பக்கமிருந்தும் எதிர்ப்பு வந்ததும் ஆறு பேர்மேல் திரும்பப் பெற்றார்கள். நிலத்தைக் கொடுக்க மாட்டேன் என்று சொன்ன உழவனைக் குண்டர் என்று கோப்பில் எழுதிய கை யாருடையது என்று எனக்குத் தெரியாது. அந்தக் கையெழுத்து உங்கள் துறையின் கையெழுத்து.

பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரத்தில் 2022இலிருந்து போராடுகிறார்கள். பகலெல்லாம் வயல் வேலை, சாயங்காலம் வந்து உட்கார்ந்து முழக்கம். இதைவிட அமைதியாக ஒரு ஊர் என்னதான் செய்ய முடியும்?

நான் கேட்பவை பெரிய விஷயங்கள் இல்லை. பெரும்பாலானவற்றுக்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

அமைதியாகக் கூடியவர்கள்மேல், அனுமதி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எஃப்ஐஆர் வேண்டாம். தடையைத் தெரிந்தே மீறியவர்களைப் பெயர் கேட்டுக் குறித்து, எழுத்துமூலப் புகாரோடு உடனே குற்றவியல் நடுவரிடம் கொண்டுபோங்கள். மீறினேன் என்பவருக்கு நீதிமன்றம் தண்டனை கொடுக்கட்டும், அதோடு கணக்கு தீரட்டும். மீறவில்லை என்பவர் வழக்காடட்டும், சில மாதத்தில் முடியட்டும். மாத்திரை கொண்டுவந்த பையனையும் வேடிக்கை பார்த்தவரையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். "மற்றும் பலர்" என்று எழுதி ஆறு மாதம் கழித்துப் பெயர்களை நிரப்புகிற வழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். அமைதிப் போராட்டத்துக்காக மட்டும் வந்த வழக்கையும் தண்டனையையும் வேலைக்கும் பாஸ்போர்ட் சரிபார்ப்புக்கும் தடையாகப் பார்க்கக் கூடாது என்று பணி விதிகளில் மாநில அரசு ஒரு திருத்தம் கொண்டுவரலாம், பாஸ்போர்ட்டுக்கு அனுப்பும் அறிக்கையில் வழக்கின் தன்மையை நிலையத்தார் எழுதலாம். தண்டனையை ஏற்றுக்கொள்கிறவருக்குத் தண்டனை முடிந்த பிறகும் வாழ்க்கை இருக்க வேண்டும் இல்லையா?

அனுமதி மனுவுக்கு நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னால் காரணத்தோடு எழுத்தில் பதில் வேண்டும். பதில் வராவிட்டால் அனுமதி என்று எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவியுங்கள். ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் கலெக்டர் காதில் விழுகிற தூரத்தில் ஒரு இடம் கொடுங்கள், நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் அங்கே இருக்கட்டும், காவலர்களுக்கும் சேர்த்துத்தான். போராட்டத்துக்குக் குண்டர் சட்டம் இல்லை என்று ஒரு அரசாணை போடுங்கள்.

பழைய வழக்குகள் இருக்கின்றன. ஓராண்டுக் கெடு தாண்டியும் குற்றப்பத்திரிகை போடாமல் கிடக்கிற எஃப்ஐஆர்களை மாவட்டவாரியாக எடுத்துப் பார்த்து மூடச் சொல்லுங்கள். மூடியதற்கான தாளைச் சம்பந்தப்பட்டவர் கையில் கொடுங்கள், கணினியிலும் திருத்துங்கள். கணினியில் திருத்தாமல் விட்டதால் வாபஸ் ஆன வழக்குக்கு மறுபடி என்னிடம் வந்தவர்கள் உண்டு. காவல்துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கிறீர்கள். அதில் ஒரு அட்டவணை சேருங்கள்: அமைதியான கூட்டங்களுக்கு எத்தனை எஃப்ஐஆர், எத்தனைக்குக் குற்றப்பத்திரிகை, எத்தனைக்குத் தண்டனை, எத்தனை சும்மா கிடக்கின்றன.

எங்கள் மாவட்டத்தில் இப்படிக் கிடப்பவற்றை நிலையம் வாரியாகக் குற்ற எண்ணோடு பட்டியல் எடுத்துத் தர, எங்கள் நீதிமன்றத்து இளம் வழக்கறிஞர்கள் சிலர் தயாராக இருக்கிறார்கள். கட்டணம் எதுவும் வேண்டாம். எந்த அதிகாரியிடம் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

மரியாதையுடன்,
ஒரு கீழமை நீதிமன்ற வழக்கறிஞர்